முதலமடையில் ஒரு வீடும் ஒரு தகரப் பெட்டியும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயிலில் ஏறி, ஆனைமலை ரோடு, மீனாட்சிபுரம் என்னும் இரு நிலையங்களைக் கடந்தால், வண்டி ஆலமர நிழலுக்குள் புகுந்து நிற்கும். விழுதுகள் நடைமேடையின் மேல் தொங்க, பகல் வேளையிலும் அரையிருள் சூழ்ந்திருக்கும் அந்தச் சிறு நிலையமே முதலமடை. திரைப்படக்காரர்கள் தேடி வந்து படம் எடுக்கும் அழகு அதற்கு உண்டு. 1932-ஆம் ஆண்டில் போடப்பட்ட இந்தப் பாதையில், அகலப் பாதையாக மாற்றும் வேலைக்காக 2008-இல் வண்டிகள் நின்றுபோயின. 2015-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கின. நல்ல வேளையாக ஆலமரங்கள் தப்பின.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல் நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் நெற்றியிலிருந்து வெள்ளி இழைகளாக அருவிகள் இறங்கும். மலையடியில் மீன்கரை, சுள்ளியாறு ஆகிய இரு அணைகள்; அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்புகள். நாட்டின் பிற பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் இறங்கிவிடும். அல்போன்சா, செந்தூரம், பங்கனபள்ளி, கிளிமூக்கு என்று பெட்டி பெட்டியாக வடநாட்டுச் சந்தைகளுக்கு முதலில் போய்ச் சேரும் மாங்கனிகளுள் முதலமடையின் கனிகளும் அடங்கும்.

இது கேரளத்து ஊர். ஆயினும் தேநீர்க் கடையில் காதில் விழுவது பாதி கொங்குத் தமிழ். எல்லைக்கோடு இங்கே மனிதரைக் கேட்டுப் போடப்படவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். பரம்பிக்குளம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததே. ஆனால் அங்கே வண்டியில் போகிறவர் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்! 1956 நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் பாட்டியார் மணமாகி வந்தது அந்த நாளில்தான். அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பார்க்கவே நாங்கள் சென்ற தை மாதம் பிள்ளைகளுடன் அங்கே போயிருந்தோம்.

பூட்டிய வீடு

பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்கப் போன குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு பூட்டிய வீடு உண்டு. விற்கவும் மனம் வராது. வைத்துக் காக்கவும் வழி தெரியாது. பொங்கலுக்கு ஒருமுறை உறவினர் திறந்து பெருக்குவார். பிறகு மீண்டும் பூட்டு. எங்கள் வீட்டின் கதையும் இதுவே. அதை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டலாம் என்றார் தம்பி. பாட்டியார் வீட்டை இடிக்கக் கூடாது என்றார் பொள்ளாச்சியில் வசிக்கும் எங்கள் அண்ணார். தொலைபேசியில் தொடங்கிய பேச்சு மனவருத்தத்தில் முடிந்து, இருவரும் ஓராண்டு பேசாமலே இருந்தார்கள்.

இதனிடையே நாங்கள் ஒரு பிழை செய்திருந்தோம். வெளியூரில் இருந்தபடியே ஓர் ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, வீட்டை நேரில் பார்க்கச் சொல்லாமலே, கேட்ட தொகையில் மூன்றில் இரண்டு பங்கை முன்பணமாக அனுப்பினோம். அவர் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் கனமாகச் சிமெண்டு பூசி, அதன்மேல் பளபளவென்று வர்ணமும் அடித்துப் படம் அனுப்பினார். படத்தில் வீடு புது மணப்பெண்போல் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தது. சிமெண்டுப் பூச்சு வயிறு ஊதி, தட்டினால் பொத்தென்று விழுந்தது. அதன் பின்னே சுவர் ஈரமாய் ஊறிப்போயிருந்தது. அந்த ஈரத்தின் வழியே கறையான் ஏறி, கூரையைத் தாங்கும் உத்திரத்தின் ஒரு முனையைத் தின்றுவிட்டிருந்தது.

இம்முறை அண்ணார் ஒரு முதிய கொத்தனாரை அழைத்து வந்தார். அவர் உள்ளே வந்ததும் பேசவில்லை. சுவரை விரல் மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சொன்னார்: “ஏனுங்க, பழைய சொவரு மூச்சு உடோணுமுங்க. சிமெண்டப் பூசுனா மூச்சு முட்டிப் போயிருமுங்க. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லீங்களே!”

கொத்தனார் சொன்னது முழு உண்மை. சுண்ணாம்புக் காரை நுண்ணிய துளைகள் உடையது. சுவருக்குள் ஏறும் ஈரத்தை அது மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சோ இறுகி நின்று ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அதனால்தான் பழைய வீட்டுக்குப் பழைய கலவையே பொருந்தும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு அரைத்துப் பூசும் முறையை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

ஆள் அமர்த்துவது எப்படி?

எங்களைப்போல் இழந்தவர்கள் இனி இழக்காமல் இருக்கும்பொருட்டு, நாங்கள் கற்றதை இங்கே சொல்கிறோம்.

முதலாவது, ஆளைப் பார்ப்பதற்குமுன் அவர் செய்த வேலையைப் பார்க்கவேண்டும். சென்ற மாதம் முடித்த வேலை எதுவும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வேலையே சாட்சி சொல்லும். இரண்டாவது, ஒருவரையே எல்லாவற்றுக்கும் அமர்த்தலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், மரத்துக்கு ஆசாரி, கூரைக்கு ஓடு பிரித்து மேய்கிறவர் என்று தொழில் தொழிலாகப் பிரித்து, யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ளவேண்டும். மூன்றாவது, பணத்தை வேலையின் படிகளோடு பிணைக்கவேண்டும். கூரை பிரித்ததும் ஒரு பங்கு, மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஓடு வேய்ந்ததும் ஒரு பங்கு என்று கொடுத்து, கடைசிப் பங்கை ஒரு பெருமழை கழிந்தபின் தருவதாகப் பேசிக்கொள்வது நலம். நேர்மையான தொழிலாளி இதற்கு வருந்துவதில்லை. எங்கள் கொத்தனார் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நான்காவது, வெளியூரில் இருப்பவர் தம் சார்பில் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்க உள்ளூரில் ஒருவரை வைத்துக்கொள்ளவேண்டும். படம் எல்லாவற்றையும் காட்டாது.

காலமும் பார்க்கவேண்டும். பாலக்காட்டுப் பக்கத்தில் இடவப்பாதி மழை ஜூன் மாதம் தொடங்கும். அது ஓய்ந்தபின் ஐப்பசியில் துலாமழை. ஆகையால் கூரை பிரிக்கத் தை முதல் பங்குனி வரையே தகுந்த காலம். ஆனால் முதலமடையில் அதுவே மாங்காய் பறிக்கும் காலமும் ஆகும்! ஏணி ஏறத் தெரிந்த கைகளுக்கெல்லாம் தோப்பில் வேலை இருக்கும். கார்த்திகையிலேயே ஆள் பேசிவைக்காதவர் தையில் தவிக்க நேரும். நாங்கள் தவித்தோம்.

ஓடுகளைப் பற்றியும் ஒரு சொல். கூரை பிரிக்கும்போது பழைய சீமை ஓடுகளை உடைந்தவை என்று மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்வார்கள், உடன்படலாகாது. ஒவ்வோர் ஓட்டையும் விரலால் சுண்டினால், நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாகச் சொல்லும். எங்கள் கூரையில் நான்கில் மூன்று பங்கு கணீரென்றே ஒலித்தது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு தேவைப்படும் என்று கணக்கிட்டால், மிச்சமான பணம் எவ்வளவு என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஓடுகளின் முதுகில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கி, பிறகு மலபாரிலும் பல இடங்களில் ஓடு சுட்டது. அந்தத் தொழிற்சாலையின் முத்திரையே அது. எங்கள் பெண் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, “அப்பா, இது காசு மாதிரி இருக்கிறதே!” என்றாள். ஓடும் காசும் ஒரே குணமுடையவை அல்லவா? இரண்டும் தம்மை அடித்தவன் பெயரைத் தம் உடம்பிலேயே சுமக்கின்றன. குழந்தை விளையாட்டாகச் சொன்னதைக் கூரையே அடுத்த நாள் மெய்ப்பித்துவிட்டது.

உத்திரத்தின்மேல் கிடைத்தது

கறையான் தின்ற உத்திரத்தை இறக்கும்போது, சுவரின் தலைப்பில் செருகியிருந்த ஒரு தகரப் பெட்டி ஆசாரியின் கையில் அகப்பட்டது. அவர் அதைத் திறக்காமல் கொண்டுவந்து அண்ணாரிடம் கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே நாங்கள் அவருக்கு என்றும் கடமைப்பட்டவர்கள்.

பெட்டிக்குள் மஞ்சள் துணியில் முடிந்த நான்கு வெள்ளி ரூபாய்கள். அவற்றோடு ஒரு துண்டுத் தாள். அதில் எங்கள் பாட்டியாரின் கோணல் எழுத்தில் நான்கு பெயர்கள்: எங்கள் தந்தையார், இரு அத்தைமார், குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன சித்தப்பா. பிள்ளை ஒன்று பிறக்கும்போதெல்லாம் ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து முடிந்து வைத்திருக்கிறார்! அவற்றின்கீழே செப்புக் காசுகள் சில, நடுவில் துளையிட்ட காலணாக்கள், 1947-ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாய் ஒன்று, 1957-ஆம் ஆண்டின் நயா பைசாக்கள் ஒரு பிடி.

அந்த நான்கு ரூபாய்களில் ஒன்று விக்டோரியா ராணியின் 1862-ஆம் ஆண்டுக் காசு. ஒன்று முடிசூடாத தலையுடன் எட்வர்டு மன்னர் இருக்கும் 1904. மற்ற இரண்டும் ஐந்தாம் ஜார்ஜின் 1912, 1918. அந்த ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய ரூபாய்களைப் புழக்கத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. 1947-இல் ரூபாயில் வெள்ளியே இல்லாமற்போய் நிக்கல் வந்தது. நல்ல வெள்ளியைத் திருப்பிக் கொடுக்காமல் கூரையில் ஒளித்த பாட்டியார் பொருளாதாரம் படித்தவர் அல்லர். ஆனால் எது நிலைக்கும் என்பதை அறிந்திருந்தார்.

துளையிட்ட காலணாவைக் கண்டதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் செம்பு கிடைக்காததால் நடுவே துளையிட்டு அடித்த காசு அது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, ஆக ரூபாய்க்கு 64 காலணா என்று கணக்குச் சொன்னோம். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் 100 நயா பைசா ஆனது என்றும், 1964-இல் ‘நயா’ என்ற சொல் நீங்கியது என்றும், 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமற்போயின என்றும் சொல்லிவந்தோம். ஒரு பெட்டிக்குள் நாட்டின் சரித்திரமே இருந்தது.

இங்கே நாங்கள் இரண்டாம் பிழையைச் செய்தோம். செப்புக் காசுகளில் ஒன்று களிம்பேறிக் கறுத்திருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். குத்துவிளக்குப்போல் மின்னியது, 1835-ஆம் ஆண்டுக் கும்பினிக் காலணா என்று அப்போதுதான் தெரிந்தது. கோயம்புத்தூரில் காசு சேர்க்கும் அன்பர் ஒருவரிடம் பெருமையுடன் காட்டினோம். அவர் பெருமூச்செறிந்தார். “நூற்றெண்பது ஆண்டுக்குமேல் ஆகிப் படிந்த நிறம் இது. அதை உரித்துவிட்டீர்களே! இனி இது பழங்காசு அன்று; செப்புத் துண்டு” என்றார்.

வீட்டுச் சுவரில் சிமெண்டு பூசியவர்மேல் எங்களுக்கு எவ்வளவு கோபம்! ஆனால் நாங்கள் செய்தது என்ன? அவர் சுவரைப் புதிதாக்கப் பார்த்தார். நாங்கள் காசைப் புதிதாக்கப் பார்த்தோம். பழையதைப் பளபளப்பாக்குவது அதைக் காப்பது ஆகாது. இந்தப் பாடத்தை நாங்கள் இரண்டு முறை விலை கொடுத்துக் கற்றோம்.

காசுப் பாதை

அந்தக் கோயம்புத்தூர் அன்பர் சொன்ன வேறொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேல்கடற்கரை முசிறியையும் கொங்கு நாட்டையும் இணைத்த வணிக வழி. ரோமானியர் மிளகுக்கும் மணிகளுக்கும் கொடுத்த காசு இவ்வழியே வந்தது. 1800-இல் பிரான்சிஸ் புகானன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பொள்ளாச்சி, ஆனைமலை, கொல்லங்கோடு வழியாகப் பயணம் செய்தபோது, அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் நிறைந்த பானை ஒன்று பொள்ளாச்சிப் பக்கத்தில் கிடைத்ததை எழுதிவைத்தார். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் ரோமானியக் காசுக் குவியல்கள் கிடைத்தன. கணவாயின் மறுபக்கம், திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1940-களில் ஒரு குவியல் வெளிப்பட்டது.

ஆகவே இப்பகுதியில் கூரை பிரிக்கிறவரும் கிணறு தோண்டுகிறவரும் சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணிலோ மண்ணோடு பொருந்திய ஒன்றிலோ மறைந்திருக்கும் விலையுள்ள பொருளைப் புதையல் என்கிறது. வீட்டுச் சுவரும் இதில் அடங்கும். கேரளத்தில் இதற்கென 1968-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. உரியவர் யாரென்று தெரியாத புதையல் கிடைத்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும், மறைப்பது குற்றம். எங்கள் பெட்டியில் பாட்டியாரின் கையெழுத்தே உரிமையைச் சொன்னது. ஆயினும் வழக்கறிஞர் ஒருவரின் யோசனைப்படி சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எங்களைத் திடுக்கிடச் செய்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த காசு தொல்பொருள் ஆகும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பாட்டியார் முடிந்து வைத்த நான்கு ரூபாய்களும் நூறாண்டு கடந்தவை! நம்மில் எத்தனை பேர் தாயாரின் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருப்போம்? அறியாமல் செய்ததாயினும் அது பிழையே. வயதில் ஐயமுள்ள பொருளுக்கு, அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறலாம்.

பிள்ளைகளின் தொகுப்பு

எங்கள் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அப்போது தம்பி, ஓராண்டாகப் பேசாதிருந்த அண்ணாரைப் பார்த்து, “அண்ணா, ரூபாய் நாலும் உங்ககிட்டயே இருக்கட்டும். வீடும் இருக்கட்டும். இடிக்கற பேச்சே இனி இல்லை” என்றார். அண்ணார் பதில் சொல்லாமல் தாளை எடுத்து மீண்டும் அந்த நான்கு பெயர்களையும் படித்தார். இறந்துபோன சித்தப்பாவின் பெயரில் அவர் விரல் சற்று நேரம் நின்றது.

பிள்ளைகளுக்குக் கிடைத்தவை துளைக் காலணா, புலி உருவம் கொண்ட 1947-ஆம் ஆண்டு நிக்கல் ரூபாய், நயா பைசாக்கள் ஆகியவை. இவற்றை வைத்தே அவர்கள் தொகுப்பைத் தொடங்கினார்கள். நம் சங்கத்துப் பிள்ளைகளும் இப்படித் தொடங்கலாம், பெரும்பணம் வேண்டுவதில்லை. அறுகோண வடிவில் மூன்று பைசா, சதுரமாக ஐந்து பைசா, விளிம்பு வளைந்த பத்துப் பைசா, தாமரை பொறித்த 1968-ஆம் ஆண்டு இருபது பைசா என்று தாத்தா பாட்டிகளின் டப்பாவில் கிடைப்பவையே போதும். காசை விளிம்பில் பிடிக்கவேண்டும், தேய்க்கக் கூடாது, மட்டமான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசைக் கெடுக்கும் ஆதலால், தனித்தனிக் காகித உறையில் இட்டு, எங்கே, யாரிடம், எப்போது கிடைத்தது என்பதை உறையின்மேல் எழுதவேண்டும். எழுதாத காசு ஊமை.

ஏமாற்றுக்காரரும் இத்துறையில் உண்டு. இராமர், அனுமார் உருவத்துடன் 1818, 1839 என்று ஆண்டு பொறித்து, ‘கும்பினிக் காசு, இலட்சக்கணக்கில் விலைபோகும்’ என்று விற்கப்படுபவை போலிகள். கும்பினியார் அப்படிக் காசு அடித்ததே இல்லை. பழைய காசை வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கட்டணம் கேட்பவரையும் நம்பலாகாது; தனக்கும் இவ்வகை வியாபாரத்துக்கும் தொடர்பில்லை என்று அவ்வங்கியே 2021-இல் எச்சரித்தது. மெய்யான பழங்காசுகளைக் கண்ணாரக் காண விரும்புவோருக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும், மும்பையில் ரிசர்வ் வங்கி 2004-இல் திறந்த நாணய அருங்காட்சியகமும் இருக்கின்றன.

நாங்கள் புறப்பட்ட அன்று கூரையில் கடைசி வரிசை ஓடு ஏறிக்கொண்டிருந்தது. கொத்தனார் சிமெண்டுப் பூச்சை முழுதும் கொத்தி எடுத்திருந்தார். சுவர் கறையும் தழும்புமாக, பாட்டியார் காலத்து முகத்தோடு நின்றது. “ஆடி கழிஞ்சு வாங்க. அப்பப் பாருங்க” என்றார். கடைசிப் பங்குப் பணமும் அப்போதுதான்.

ரயில் வந்தது. ஆலமர நிழலில் அண்ணாரும் தம்பியும் அருகருகே நின்று கையசைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் எங்கள் பெண் தன் முதல் உறையை எடுத்து, பென்சிலால் எழுதத் தொடங்கினாள்: ‘காலணா, 1944. முதலமடை. பூட்டிப்பாட்டி வைத்தது.’ கொள்ளுப்பாட்டியைப் ‘பூட்டிப்பாட்டி’ என்று எழுதிவிட்டாளே என்று பார்த்தோம். பூட்டி வைத்தவரும் அவர்தானே! திருத்தாமல் விட்டுவிட்டோம்.